வான் தீவும் லூசியாவின் வீடும்

ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்த அகர் நின்றுபோனதால்தான் நான் தூத்துக்குடிக்குப் போக நேர்ந்தது. ஆஸ்பத்திரிகளில் நோய்க்கிருமிகளை வளர்த்துப் பார்ப்பதற்குக் கண்ணாடித் தட்டில் ஊற்றுகிற கூழ் அது. கடற்பாசியைக் காய்ச்சி எடுப்பார்கள். யுத்தம் முடிந்து மறு வருஷமாகியும் சரக்கு வரவில்லை. நம் கடலில் கிடக்கும் கஞ்சிப்பாசியில் அதைக் காய்ச்ச முடியுமா என்று கொழும்பில் எங்கள் ஆய்வுகூடத்தில் முயன்றுகொண்டிருந்தோம். எதிர்க்கரையில் என்ன பாசி, எவ்வளவு ஆழத்தில் என்று பார்த்து வர ஓர் ஆள் வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் குடும்பம் இருந்தது. எனக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்கு நான் கப்பலேறிய பிறகுதான் செய்தி போனது.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஆழமில்லாத கடல். வெகுதூரத்தில் நின்றுவிடும், அங்கிருந்து லாஞ்சில் இறங்கிப் போக வேண்டும். லாஞ்சு ஏறும்போது கப்பல் இறங்கியது, கப்பல் ஏறும்போது லாஞ்சு இறங்கியது. எனக்கு முன்னால் நின்ற பருத்த செட்டியார் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு குதித்து, சிமெண்டு மூட்டை விழுகிற மாதிரி விழுந்தார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தேன். என் பெட்டி பிறகு வந்தது. பெட்டிக்குள் பாசியைப் போட்டு வைக்கப் போத்தல்களும் ஃபார்மலினும் இருந்தன.

சுங்கச் சாவடியில் இருந்தவர் ஒரு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்னம்மா இது, சாராயமா?"

நான் பதில் சொல்வதற்குள் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். கண்ணீர் வழிய அவர் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்ததும், மற்றப் போத்தல்களைத் திறக்காமலே என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

தங்குவதற்கு ஏற்பாடு செய்திருந்த பங்களாவில் பட்டாளத்து ஆட்கள் இன்னும் காலி செய்யாமல் இருந்தார்கள். மாதா கோயில் உபதேசியார்தான் என்னைக் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். சங்கு குளிக்கிற சவரியாரின் வீடு அது. அவருக்குச் சொந்தமாக வள்ளம் ஒன்று உண்டு; நான் தீவுகளுக்குப் போவதற்கும் அதுவே உதவும் என்றார் உபதேசியார். வாசலில் நின்ற சவரியாரிடம் இதையெல்லாம் அவர் தொண்டை கிழியக் கத்திச் சொன்னார். நான் சண்டை என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, இளம் வயதிலிருந்து ஆழத்தில் மூழ்கி மூழ்கி அவருக்குக் காது போய்விட்டதென்று. அவரும் அதே சத்தத்தில்தான் பேசுவார்.

"கொழும்புல இருந்தா வாறீக?" என்று கேட்டபடி உள்ளேயிருந்து அவர் மனைவி திரேஸம்மாள் வந்தாள். "எம் மகன் மிக்கேலும் கொழும்புலதான் நிக்கான். தோணியில போயிருக்கான். உள்ள வாங்க மகளே, வெயில்ல நிக்காதிய."

அவ்வளவுதான் விசாரணை. வீட்டில் இருந்த இரண்டு அறைகளில் ஒன்றை எனக்கு விட்டுவிட்டார்கள். அந்த அறையில் இருந்தவள் மருமகள் லூசியா. நிறைமாத வயிற்றோடு தன் பாயைச் சுருட்டிக்கொண்டு மாமியாரின் அறைக்குப் போனாள். நான் மறித்தபோது சிரித்தாள். "அவுக வந்தா அந்தக் கட்டுலு ஒங்களுக்கு இல்லக்கா. அதுவரைக்கும் படுங்க."

முதல் சில நாட்கள் கரையோரமாகவே அலைந்தேன். முத்துக்குளிப்பு நடந்து பல வருஷங்களாகியிருந்தன. கடலடியில் பார் என்கிற கல்திட்டுகளில் சிப்பி பிடிக்கவில்லை என்றார்கள். முத்து எடுத்தவர்கள் சங்கு எடுத்தார்கள், சங்கும் இல்லாதபோது தோணியில் மூட்டை ஏற்றினார்கள். தோணிகள் வெங்காயமும் வற்றலும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வந்தன. கொழும்பில் நான் தின்ற வெங்காயம் இவர்கள் தோளில் ஏறி வந்தது என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒருநாள் காயல்பட்டினம் பக்கத்துக் கடலைப் பார்க்கப் பஸ்ஸில் போனேன். பெட்ரோல் தட்டுப்பாடு, பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடும் பஸ். பாதி வழியில் அடுப்பு அணைந்துவிட்டது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். உள்ளே இருந்த ஒரு கிழவி, "நா அப்பவே நடந்திருந்தா இந்நேரம் போயிருப்பேம்ல" என்று டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவர் திரும்பி, "இப்பமும் ஒண்ணும் கெட்டுப் போகல ஆச்சி, எறங்கி நடங்க" என்றார்.

வீட்டில் சாப்பாடு ரேஷன் அரிசிதான். கல்லும் புழுவும் பொறுக்கி ஆக்கினாலும் பழைய சாக்கு வாசனை போகாது. பாதிக்குப் பாதி சோளம். ஆனால் மீனுக்குக் குறைவில்லை. திரேஸம்மாள் தேங்காயும் புளியும் அரைத்து வைக்கிற குழம்பு எங்கள் ஊர்க் குழம்பைவிடக் கொஞ்சம் இளகல். காலையில் கருப்பட்டிக் காப்பி. எங்கள் ஊரில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணீர் குடிப்போம் என்று நான் சொன்னதும், "கடிச்சுக்கிட்டா? பல்லு போயிராதா?" என்று லூசியா ஆச்சரியப்பட்டாள். எதற்கும் நான் "ஓம்" சொல்வது அவளுக்கு விளையாட்டாக இருந்தது. "ஓமா இல்லையா, சொல்லுங்கக்கா" என்று ஓயாமல் சீண்டுவாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பத்தொன்பதோ இருபதோ இருக்கும். முதல் பிள்ளை பிறக்கும்போதே மூச்சில்லாமல் பிறந்ததாகத் திரேஸம்மாள் தனியே சொன்னாள்.

பிறகு புயல் வந்தது. ஒரு பகலும் இரவும் வாடைக்காற்று ஓலையைப் பிய்த்தது. கடல் தெருவுக்குள் வந்து போனது. மூன்றாம் நாள் வெயில் அடித்தபோது கரையெங்கும் செத்த மீனும் பாசியும் குவிந்து கிடந்தன. எனக்கு அது அதிர்ஷ்டம். ஆழத்தில் இருக்கிற பாசியெல்லாம் தானாக வந்து சேர்ந்திருந்தது. குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது, என்னைச் சுற்றி நின்ற பெண்கள் ஒருத்தியும் குனியவில்லை என்பதைக் கவனித்தேன். எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிக்கேலின் தோணி புயலுக்கு முதல் நாள் கொழும்பில் பாய் ஏற்றிப் புறப்பட்டுவிட்டதாக ஒருவர் சொன்னார். ஏற்றவில்லை என்று இன்னொருவர் சொன்னார்.

லூசியா மட்டும் அசையவில்லை. "தோணி ஓட்டுத தண்டல் அனுபவஸ்தருக்கா. வானத்தப் பாக்காம தோணிய எடுக்க மாட்டாரு. அவுக கொழும்புலயே நிப்பாக. நீங்க அங்கன தோணி நிக்குத எடத்தப் பாத்திருக்கீகளா?"

பார்த்திருந்தேன். அலைதாங்கிக்கு உள்பக்கம் தோணிகள் நெருக்கி நெருக்கி நிற்பதையும், மாலையில் அவற்றின் மேல்தளத்தில் புகை எழுவதையும் சொன்னேன். அந்தப் புகையைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்தது. "அங்கன சோறாக்குததே அவுகதான். நல்லா ஆக்குவாக."

கடல் கொஞ்சம் தணிந்ததும், வான் தீவுக்குப் போக முடியுமா என்று சவரியாரிடம் கத்திக் கேட்டேன். முடியாதென்பார் என்றே நினைத்தேன். "போவோம் தாயி. இப்பமே போவோம்" என்றார். வள்ளம் கரையை விட்ட பிறகு அவர் என் பாசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைக் கண்ணுக்கு மேல் வைத்துத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டே வந்தார். அவரும் போக ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். திரேஸம்மாளின் தம்பி சூசை துடுப்புப் போட்டார்.

வான் தீவு மணல் திட்டுதான். மனிதர் இல்லை, குடிதண்ணீர் இல்லை. கொஞ்சம் முட்புதரும், உடைந்த பவளக் கல்லும், பறவைகளும். உச்சி வெயிலில் போய் இறங்கினோம். சூசை தீவின் மறுபக்கத்தைப் பார்த்துவரப் போனார். நான் கூடையை எடுத்துக்கொண்டு நீரோரமாக நடந்தேன். சவரியார் எனக்கு முன்னால் நடந்தார்.

மறுபக்கத்திலிருந்து சூசை கூப்பிட்டார். "அத்தான்!" என்று ஒரு தடவை. பிறகு வார்த்தை இல்லாமல் ஒரு சத்தம்.

சவரியாருக்குக் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். கேட்டவள் நான் ஒருத்திதான். ஓடிப்போய் அவர் கையைத் தொட்டேன். திரும்பினார். நான் வாயைத் திறக்கவில்லை; சத்தம் வந்த பக்கம் கையை மட்டும் நீட்டினேன். என் முகத்தில் அவர் என்ன கண்டாரோ, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

புதரடியில், கடல் ஏற்றி விட்டுப் போன இடத்தில் கிடந்தது. முகத்தை வைத்து யாரென்று சொல்ல முடியாது. நண்டுகள் ஓடின. சவரியார் குனிந்து இடது காலைப் பார்த்தார். சுண்டுவிரல் இல்லை. மிக்கேலுக்குச் சிறு வயதில் நங்கூரக் கயிறு அறுத்துக்கொண்டு போனதாம். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம் கயிற்றோடு இருந்தது. அவர் அதைத் தொட்டுவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

வள்ளத்தில் வைத்து ஊருக்குக் கொண்டுபோவோம் என்றார் சூசை. சவரியார் அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு தலையை ஆட்டி மறுத்தார். அவருக்குத் தெரிந்த ஒரே குரலில், அந்த வெட்டவெளியில் பேசினார். புதரிலிருந்த பறவைகள் கலைந்து எழுந்தன.

"கரையில எறக்குனா ஊரே கூடிரும். மருமகளுக்குத் தெரிஞ்சிரும். போன தடவ பிள்ள செத்துப் பொறந்தப்பமே அவ பொழச்சது மாதா கிருபை. இப்பம் சொன்னா ரெண்டு உசுரும் போயிரும்லே. அவ பெத்து எடுக்கட்டும். பொறவு நானே சொல்லுதேன்."

"சாமியார் இல்லாமயா அத்தான்? மந்திரிக்காத மண்ணுலயா?"

"பொறவு கூட்டிட்டு வந்து மந்திரிப்போம். இவன் பொறுத்துக்கிடுவான்."

தீவிலேயே உயர்ந்த இடமாகப் பார்த்துத் தோண்டினார்கள். மண்வெட்டி கிடையாது. துடுப்பின் முனையாலும், நான் பாசி அலசக் கொண்டுபோயிருந்த எனாமல் தட்டாலும் தோண்டினார்கள். மற்ற வள்ளக்காரர்கள் கண்ணில் பட்டுவிடும் என்று குருசுகூட நடவில்லை. தானாகச் சேர்ந்த குவியல் போலக் கல்லை மட்டும் பரப்பினார்கள். சூசை செபம் சொன்னார். எனக்கு அந்தச் செபம் தெரியாது. சைவக்காரி நான், எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் பாடுவது வாயில் வந்தது. அந்த இடத்தில் அதைச் சொல்லலாமா என்று தெரியாமல் விழுங்கிவிட்டேன்.

திரும்பி வரும்போது சவரியார் என்னிடம் திரும்பினார். "எனக்கு மெல்லப் பேசத் தெரியாது தாயி. வீட்டுல நா வாயத் தொறந்தா மருமகளுக்குக் கேட்டிரும். நீங்கதான் அவகிட்ட சொல்லணும்." அவ என்றது திரேஸம்மாளை.

கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்து அவள் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். லூசியா முன்னறையில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தி, காதோடு சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவள் கை நின்றது. பிறகு மறுபடி சுரண்டியது. அந்த மீனை முடித்து, கழுவி, சட்டியில் போட்டு மூடினாள். கையைக் கழுவினாள்.

"அடக்கத்துக்கு நீங்களும் நின்னீகளா மகளே?"

"ஓம்."

"அப்பம் குளிக்கணும். இருங்க, வெந்நி போடுதேன்."

நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. அடுப்பை மூட்டினாள். ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதினாள், ஊதிக்கொண்டே இருந்தாள். புகையில் கண் சிவந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சவரியார் விடியுமுன் கடற்கரைக்குப் போய்விடுவார். வந்தால் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். "மாமாவுக்கு என்ன, ஒரு வார்த்த பேச மாட்டேங்காக?" என்று லூசியா கேட்டாள். காதில் சீழ், பேசினால் வலிக்கிறது என்றாள் திரேஸம்மாள். சூசை இந்தப் பக்கமே வருவதில்லை. திரேஸம்மாள் மீனைத் தொடுவதை நிறுத்தினாள். மாதாவுக்கு நேர்ச்சை என்று மருமகளிடம் சொன்னாள். ஆனால் மருமகளுக்கு ஆக்கினாள். திடீரென்று நிறுத்தினால் சந்தேகம் வரும். அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியவள் நான். லூசியா முள்ளை எடுத்துவிட்டு நல்ல துண்டமாக என் தட்டில் வைப்பாள். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் தின்பேன். கொல்லைக்குப் போய்ச் சில நாள் வாந்தி எடுத்தேன். பாசி நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

சாப்பாடு முடிந்ததும் கொழும்பைக் கேட்பாள். அங்கே மழையா? தோணிக்காரர்கள் பூசைக்கு எந்தக் கோயிலுக்குப் போவார்கள்? பிள்ளைக்குச் சட்டைத் துணி அங்கே நல்லதாகக் கிடைக்குமா? அவுக வாங்கி வருவதாகச் சொல்லியிருக்காக. ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொன்னேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கொழும்பில் மழைதான். கோயில் இருந்த இடமும் சரிதான்.

எனக்கு வேலை முடிந்துவிட்டது. கப்பலும் இருந்தது. போகிறேன் என்றபோது திரேஸம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போயிட்டா நானும் அவளும் மட்டுந்தான் மொகத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். எம் மொகம் காட்டிக் குடுத்திரும். அவ பெத்து எழும்புத வரைக்கும் இருங்க மகளே." கொழும்புக்குத் தந்தி அடித்துவிட்டு இருந்தேன்.

ஒருநாள் பிற்பகல் தெருக்கோடியிலிருந்து ஒப்பாரி கேட்டது. காயல் பக்கம் தோணிப் பலகைகள் ஒதுங்கியதாகச் சேதி வந்திருந்தது; தண்டலின் வீட்டில் அழ ஆரம்பித்துவிட்டார்கள். லூசியா தையலை நிறுத்திக் காது கொடுத்தாள்.

"யாரு வீட்டுல அத்தை?"

"அந்தக் கோடி வீட்டுக் கெழவருக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சுல்லா. அதுவாத்தான் இருக்கும்."

லூசியா ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், முடியவில்லை. என்னிடம் நீட்டினாள். நான் கோத்துக் கொடுத்தேன். வாங்கும்போது அவள் முகம் சுருங்கியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவச்சி வந்தாள். ஒப்பாரி ஒரு பக்கம், லூசியாவின் கத்தல் ஒரு பக்கம். கதவை அடைத்துவிட்டு நானும் திரேஸம்மாளும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தோம். விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குப் பிள்ளை பிறந்தது. பிறந்ததும் அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத் திரேஸம்மாள் சுவரில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். எல்லாரும் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள். வாசலில் சவரியார் மருத்துவச்சியின் வாயைப் பார்த்துவிட்டு, "பொம்பளப் பிள்ளையா?" என்று கேட்டார். இத்தனை நாள் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை தெரு முழுக்கக் கேட்டது.

நானே சொல்கிறேன் என்று தீவில் சொன்ன சவரியாரால் முடியவில்லை. இரண்டு நாள் விட்டு மாதா கோயில் சாமியார் வந்து சொன்னார். லூசியா சுவரில் சாய்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. சாமியார் ஆறுதல் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு மாமியாரிடம், "இவுகளுக்கு எப்பந் தெரியும்?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள். திரேஸம்மாள் சொன்னாள்.

லூசியா என் பக்கம் திரும்பினாள்.

"ஒரே ஏனத்துல இருந்து எடுத்து எடுத்து ஒங்களுக்கு வச்சேன். தின்னீகளே. அவுகளத் தின்ன கடலு மீன நானும் நீங்களும் ஒக்காந்து தின்னோமே."

நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதோடு அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள். மாமியாரிடம் பேசவில்லை, என்னிடம் பேசவில்லை. மறுநாளே பால் வற்றத் தொடங்கியது. பிள்ளை அழுது அழுது குரல் கம்மிப்போனது. திரேஸம்மாள் ஆட்டுப்பாலில் துணியை நனைத்துப் பிழிந்தாள். பிள்ளை அதைக் கக்கியது. சவரியார் வாசலில் நின்று உள்ளே பார்ப்பார். கேட்காத காதுக்கு அந்த அழுகை எப்படித் தெரிந்ததோ, ஒவ்வொரு தடவை பிள்ளை வீரிடும்போதும் அவர் எழுந்து வந்தார்.

நான் இனி இருந்து பயனில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் கப்பல். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் காலையில் சொல்லிக்கொள்ளப் போனேன். அவள் திரும்ப மாட்டாள் என்றே நினைத்தேன். வாசற்படியில் நின்று, "போயிட்டு வாறன், லூசியா" என்றேன்.

"கதவச் சாத்திட்டு உள்ள வாங்க" என்றாள்.

சாத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளை அவள் தொடையில் கிடந்தது, அழக்கூடத் தெம்பில்லாமல்.

"இவுக யாரும் எனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்காக. தூங்குத மாதிரி கெடந்தான்னு அத்தை சொல்லுதாக. அத்தை பாக்கவேயில்ல. நீங்கதான பாத்தீக. தூங்குத மாதிரியா கெடந்தாக?"

என்ன சொல்வது என்று யோசித்தேன். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு யோசிப்பதை நிறுத்தினேன்.

"இல்லை."

"மொகம்?"

"முகம் இல்லை, லூசியா. காலை வைச்சுத்தான் மாமா கண்டுபிடிச்சவர்."

அவள் கண்ணை மூடினாள். நான் நிறுத்தினேன். "சொல்லுங்க" என்றாள். புதரைச் சொன்னேன். உத்தரியம் கழுத்தில் இருந்ததைச் சொன்னேன். அது தான் கட்டியது என்றாள். தட்டால் தோண்டியதைச் சொன்னேன்.

"அல ஏறுத எடமா?"

"தீவில அதுதான் மேடு. இந்தப் புயலுக்கும் அவ்வளவுக்குத் தண்ணி ஏறேல்லை. பாசி ஒதுங்கின கோடு கீழதான் கிடந்தது. நான் பார்த்தனான்."

"எம் பேரச் சொல்லி ஒரு பிடி மண்ணு போட்டீகளா?"

போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"இல்லை. எனக்குத் தோன்றேல்லை. நான் தள்ளி நின்றனான்."

அவள் பிள்ளையின் காலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "மாமா அழுதாகளா?" என்று கேட்டாள்.

"அழேல்லை. கடைசியாக மண் தள்ளுறதுக்கு முன்னம் குழிக்குள்ள இறங்கி, குனிஞ்சு, காதுக்குள்ள கத்தினவர்."

"என்னன்னு?"

"'ஏலே மிக்கேலு, அப்பன் வந்துட்டேம்ல' என்று. இரண்டு மூன்று தரம். கேட்கோணும் என்று கத்தினவர்."

அப்போதுதான் அவள் அழுதாள். வாயைத் திறந்து, சத்தமாக, தெருவுக்குக் கேட்கும்படி. வெளியே திரேஸம்மாள் கதவருகில் வந்து நிற்பது தெரிந்தது, உள்ளே வரவில்லை. நான் பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பஞ்சு மாதிரி கனமில்லாமல் இருந்தது. அழுது ஓய்ந்ததும் லூசியா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அத்தை" என்று கூப்பிட்டாள். "சோறு இருந்தா போடுங்க."

திரேஸம்மாள் தட்டைக் கொண்டுவந்தாள். சோறும் வெறும் பருப்பும் இருந்தது. லூசியா தட்டைப் பார்த்தாள்.

"பாலு ஊறணும்லா. மாமாகிட்ட சொல்லிப் பால்சுறா வாங்கியாரச் சொல்லுங்க. புட்டு அவிங்க."

திரேஸம்மாள் அசையாமல் நின்றாள். "வேண்டாம் மகளே. கருவாடு, மீனு ஒண்ணும் இந்த வீட்டுல வேண்டாம்."

"கடலு வேண்டாம்னா எங்கன போவோம் அத்தை? வாங்கியாரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவள் பருப்புச் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தாள். விழுங்க முடியவில்லை. தண்ணீர் குடித்தாள். இன்னொரு கவளம் வைத்தாள். திரேஸம்மாள் வெளியே போய்ச் சவரியாரிடம் உரக்கச் சொல்வது கேட்டது. அவர் திரும்பக் கேட்டார். மறுபடி சொன்னாள். செருப்பில்லாத கால்கள் மணலில் ஓடின.

பிள்ளையை அவளிடம் கொடுத்தேன். சூசை வாசலில் வந்து என் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, லாஞ்சு புறப்படப் போகிறது என்றார்.